ராத்திரிக்குச் சோறு, புரோட்டா இல்லாம சிக்கன்: புதுசா சமைக்கிறவங்களுக்கு எது சுலபம்?

வில்லாபுரம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ரூம் எடுத்துத் தங்கி வேலை பாக்குறேன். ராத்திரி சாப்பாட்டுல சோறு, புரோட்டா, தோசையைக் குறைச்சு, சிக்கனும் காயுமா மாத்தலாம்னு இருக்கேன். சமையல்ல முட்டை பொரிக்கவும் ரசம் வைக்கவும்தான் தெரியும். ஒத்த அடுப்பு, இரும்பு வாணலி, தோசைக்கல், மூணு லிட்டர் குக்கர் இருக்கு. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் இல்ல. வேலை முடிஞ்சு வர்ற வழியில கறி வாங்கிட்டு வந்தா, அரை மணி நேரத்துல, மிஞ்சிப் போனா முக்கால் மணி நேரத்துல தட்டுக்கு வரணும்.

கடையில எந்தப் பகுதியை எவ்வளவு கேக்கணும்? வறுவல்னு போட்டா வாணலி முழுக்கத் தண்ணி நிக்குதே, ஏன்? மாவுச்சத்து நமக்குத் தெரியாம எது வழியா உள்ள வருது? சோறு இல்லாம வயிறு நிறைய என்ன வச்சுக்கணும்?

செல்லூர் அடுப்படி:

தம்பி, கறி வாங்குறதைச் சரியாப் பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சிருச்சு. ஒரு ஆளுக்கு எலும்போட 300 கிராம், எலும்பில்லாம 200 கிராம் போதும். "தோல் உரிச்சு, லெக் பீஸை வறுவலுக்குச் சின்னதா வெட்டிக் குடுங்க"ன்னு கேளுங்க. நெஞ்சுக்கறி இப்போதைக்கு வேண்டாம். அதுல கொழுப்பு கம்மி, ரெண்டு நிமிஷம் கூட நின்னாலே நார் நாராப் போயிரும். தொடைக்கறி அஞ்சு நிமிஷம் தவறினாலும் தாங்கும். நாட்டுக்கோழியை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கங்க. அதுக்குக் குக்கர்ல அஞ்சாறு விசில் வேணும், விடலைக்கோழியா இருந்தா கொஞ்சம் குறையும்.

ஃபிரிட்ஜ் இல்லைன்னு சொன்னதால இதைக் கண்டிப்பாச் சொல்லணும். வெளியில 32 டிகிரிக்கு மேல சூடு இருந்தா, பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல வெளியில இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில மதுரையில சாயங்காலமும் அந்தச் சூடு இருக்கும். அதனால காய், வெங்காயம், உப்பு புளி எல்லாம் முன்னாடியே வாங்கிட்டு, கறியைக் கடைசியா வாங்கிக்கிட்டு நேரா வீட்டுக்கு வாங்க.

தண்ணி நிக்கிற விஷயத்துக்கு வர்றேன். பிராய்லர் கறியிலேயே ஈரம் ஜாஸ்தி. கழுவி அப்படியே போட்டா அந்தத் தண்ணியும் சேரும். வாணலி நல்லாக் காயாம இருந்தாலோ, அரைக்கிலோவை ஒரே தடவையில கொட்டினாலோ, சூடு சட்டுன்னு இறங்கி கறி வறுபடாம வேக ஆரம்பிச்சிரும். நிறையப் பேருக்குத் தோணுறது மாதிரி அடுப்பைக் குறைக்கிறதுதான் தப்பு. கறியைக் கழுவி வடிகட்டியில பத்து நிமிஷம் போட்டு வைங்க. 300 கிராமுக்கு மேல ஒரே ஈட்டுல போடாதீங்க. கழுவும்போது குழாயைத் திறந்து விட்டுத் தெறிக்க விடாம, பாத்திரத்துல மஞ்சள் தண்ணி வச்சு மெதுவா அலசுங்க. தெறிக்கிற தண்ணியில இருக்கிற கிருமி பக்கத்துல இருக்கிற தட்டு, காய்கறி எல்லாத்துலயும் ஒட்டும். கையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அடுத்த வேலை.

முதல் வாரத்துக்கு மிளகு வறுவல் ஒண்ணை மட்டும் பழகுங்க. 300 கிராம் கறியில முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் பிசறி வைங்க. ஒன்றரை டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் சோம்பை சின்ன உரல்ல ஒண்ணும் பாதியுமா இடிச்சுத் தனியா எடுத்துக்கங்க. அதே உரல்ல சுண்டுவிரல் நுனி அளவு இஞ்சியும் ஆறு பல் பூண்டும் நசுக்கிக்கங்க. எட்டு சின்ன வெங்காயத்தை ரெண்டா நறுக்கணும்.

வாணலி ரெண்டு நிமிஷம் காயட்டும். ஒன்றரை டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், ரெண்டு கொத்து கறிவேப்பிலை, வெங்காயம் போட்டு மூணு நிமிஷம். இஞ்சி பூண்டு போட்டு ஒரு நிமிஷம், பச்சை வாசம் போகணும். இப்பக் கறியைப் போட்டுப் பெரிய தீயில நாலு நிமிஷம் கிளறுங்க, வெளிப்புறம் வெள்ளையா மாறும். தீயை நடுத்தரமா வச்சு எட்டு நிமிஷம் மூடி போடுங்க, தண்ணி ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க, அது விடுற தண்ணியே போதும். மூடியை எடுத்துட்டுத் தீயைக் கூட்டி அஞ்சாறு நிமிஷம் பிரட்டினா, தண்ணி வத்தி எண்ணெய் பிரிஞ்சு சலசலன்னு சத்தம் மாறும். அப்பத்தான் இடிச்ச பொடி. ரெண்டு நிமிஷம் பிரட்டி இறக்கிருங்க. மிளகை முதல்லயே போட்டா வாசம் பறந்து, கசப்பு மட்டும் மிஞ்சும்.

வெந்துச்சான்னு பாக்க, இருக்கிறதுலயே பெரிய துண்டை எலும்பு வரைக்கும் கீறிப் பாருங்க. சிவந்த சாறு வராம, சதை ஒளி ஊடுருவாத வெள்ளையா இருக்கணும். சமையல் வெப்பமானி வச்சிருந்தா உள்ள 74 டிகிரி காட்டணும். கோழியோட இளம் எலும்புக்குப் பக்கத்துல வெந்தப்புறமும் கொஞ்சம் கறுத்துத் தெரியும், அது கெடுதல் இல்ல.

மாட்டுத்தாவணி77:

கறியில மாவுச்சத்து கிடையாது. அதைச் சுத்தி நாம சேர்க்கிற பொருள்லதான் எல்லாம் வருது. 100 கிராம் வெந்த சோத்துல சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு தட்டுச் சோறு 300 கிராம்னு வச்சா 84. புரோட்டாவுக்கு 60 கிராம் மைதா உருட்டினாலே 45 வந்துரும், ரெண்டு தின்னா 90. செல்லூர் அக்கா சொன்ன வறுவல்ல வெங்காயம், மசாலா எல்லாம் சேர்த்தே 12 கிராம் பக்கம்தான்.

கடையில வாங்குற சிக்கன் 65-ல சோள மாவு, அரிசி மாவு, சில இடத்துல மைதாவும் பூசியிருப்பாங்க. ஒரு டேபிள்ஸ்பூன் சோள மாவே 7 கிராம். வீட்டுல போடுறதுக்கு வாங்குற 65 மசாலாப் பொட்டலங்கள் பலதுலயும் மாவு கலந்தே வரும், பின்பக்கம் பொருள் பட்டியலைப் படிங்க. சால்னா இன்னொண்ணு. கெட்டியாகணும்னு பொட்டுக்கடலை அரைச்சு ஊத்துவாங்க, கறியை மட்டும் எடுத்துத் தின்னாலும் அது ஒட்டிக்கிட்டுத்தான் வரும்.

யாரும் கவனிக்காதது சின்ன வெங்காயம். 100 கிராமுக்கு 12-லிருந்து 16 கிராம் வரைக்கும் இருக்கு, பெரிய வெங்காயத்துல 9 தான். பள்ளிபாளையம் சிக்கனை நிறையப் பேர் மாவுச்சத்தே இல்லாத பதார்த்தம்னு நினைக்கிறாங்க. கால்கிலோ சின்ன வெங்காயம் போட்டா அதுலயே 30-க்கு மேல போயிரும். எட்டு வெங்காயம் வரைக்கும் பயமில்ல, அதுக்கு மேல ருசிக்குத் தேங்காய்ப் பல்லு சேர்த்துக்கங்க. தேங்காயில இருக்கிற மாவுச்சத்துல பாதிக்கு மேல நார்ச்சத்து.

வயிறு நிறையறது காயிலதான். ஒரு வேளைக்கு 200 கிராம் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், ஏதாவது கீரை, எது மலிவோ அது. உருளை, சேனை, பட்டாணி இந்தக் கணக்குல வராது. ஒத்த அடுப்புங்கிறதால காயை முதல்ல வதக்கி மூடி வச்சிருங்க, அப்புறம் கறி. காலிஃபிளவரைத் துருவிச் சோறு மாதிரி சாப்பிடணும்னா, உப்பு போட்ட வெந்நீர்ல அஞ்சு நிமிஷம் வச்சுப் புழுவை எடுத்துட்டு, துணியில ஒத்தி ஈரமில்லாமத் துருவணும். மூடாம நாலு நிமிஷம் வதக்கி, உப்பைக் கடைசியில போடுங்க. முதல்ல போட்டா தண்ணி விட்டுக் கூழாயிரும்.

தெப்பக்குளம் கொத்து:

புரோட்டாவை விடுறவங்களுக்கு நாக்கு முதல்ல கேக்கிறது கொத்துதான். மைதா இல்லாமயே அதைப் பண்ணலாம், தம்பி. வறுவல் கைக்கு வந்ததும் அடுத்து இதைப் போடுங்க.

எலும்பில்லாத தொடைக்கறி 200 கிராமை விரல்நுனி அளவுக்கு நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகாய்த்தூள் பிசறுங்க. முட்டைக்கோஸ் 150 கிராமைப் புரோட்டாத் துண்டு அகலத்துக்கு நறுக்குங்க. பொடியா நறுக்கினா வாடித் தண்ணியாயிரும். பெரிய வெங்காயம் பாதி, தக்காளி ஒண்ணு, பச்சை மிளகாய் ரெண்டு, முட்டை ரெண்டு, கறிவேப்பிலை.

ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில கறியை ஏழெட்டு நிமிஷம் வதக்கித் தட்டுல எடுத்துருங்க. அதே வாணலியில இன்னும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு முட்டைக்கோஸை முழுத் தீயில மூணு நிமிஷம். ஓரம் கருகினா நல்லது, அந்தக் கல்லு வாசம் அதுலதான் வருது. அதை ஒதுக்கிட்டு வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை, தக்காளி வதக்கணும். தக்காளி குழையணும், கடையில ஊத்துற சால்னாவோட ஈரம் இங்க இதுலதான் கிடைக்குது. முட்டையை உடைச்சு ஊத்தி, பாதி வெந்ததும் கறியையும் கோஸையும் கொட்டி, கரண்டி விளிம்பால கொத்துங்க. முட்டை முழுசா வெந்தப்புறம் கொட்டினா எதுவும் எதுலயும் ஒட்டாது. அரை டீஸ்பூன் மிளகுத்தூள், கொத்தமல்லி, இறக்கிருங்க.

ஈரலும் சீக்கிரம் ஆகும். 200 கிராமுக்கு எட்டு நிமிஷம் போதும், நடுவுல சிவப்பு இருக்கக் கூடாது. வைட்டமின் ஏ ரொம்ப அதிகங்கிறதால வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம். யூரிக் அமிலம் கூட இருக்கிறவங்க தொட வேண்டாம்.

வில்லாபுரம் தம்பி:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணே. இன்னும் ரெண்டு கேள்வி. மாவு பூசாம 65 மாதிரி எதாவது தோசைக்கல்லுலயே வருமா? ஊருக்குப் போறப்ப அப்பாவுக்கும் இதே மாதிரி சமைச்சுக் குடுக்கலாமா? அவர் சுகருக்கு மாத்திரை போடுறார்.

செல்லூர் அடுப்படி:

வரும் தம்பி. எலும்பில்லாத தொடைக்கறி 200 கிராம், ஒன்றரை செண்டிமீட்டர் கனத்துக்கு மேல போகாம நறுக்குங்க. புளிக்காத கெட்டித் தயிர் மூணு டேபிள்ஸ்பூனைத் துணியில பத்து நிமிஷம் வடிய விடுங்க. அதோட அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு, கால் டீஸ்பூன் மஞ்சள், அரை மூடி எலுமிச்சை. உங்ககிட்ட ஃபிரிட்ஜ் இல்ல, பதினஞ்சு நிமிஷம் ஊறினாப் போதும். கல்லை நடுத்தரத் தீயில காய வச்சு, எண்ணெய் தடவி, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்க. ஒரு பக்கம் அஞ்சு நிமிஷம், தொடாதீங்க. தானா விடுபட்டு வந்தாத் திருப்புங்க, ஒட்டினா இன்னும் வேகலைன்னு அர்த்தம். அடுத்த பக்கம் நாலு நிமிஷம். தயிரை வடிக்காமப் போட்டா கல்லுல மோராப் பரவிக் கருகும், கறி வெளிறிக் கிடக்கும்.

மாட்டுத்தாவணி77:

அப்பா விஷயத்துல சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மாத்திரைச் சீட்டோட போயிட்டு வாங்க. கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க சோத்தைச் சட்டுன்னு குறைச்சா, அதே அளவு மருந்து சர்க்கரையை ரொம்பக் கீழ இறக்கிரும். வேர்வை, நடுக்கம், படபடப்பு வந்தா உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுத்து, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி சோதிக்கணும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தா இன்னும் கவனம் வேணும். மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சா, சர்க்கரை அளவு பெருசா ஏறாமலேயே ரத்தத்துல கீட்டோன் அமிலம் சேர்ற ஆபத்து அந்த மருந்துகள்ல இருக்கு. சிறுநீரகத்துல கோளாறு இருந்தா கறியோட அளவையும் டாக்டர்தான் சொல்லணும். அவர் சரின்னு சொன்னா, முதல்ல சோத்தைப் பாதியாக் குறைச்சு அந்த இடத்துல காயை வைங்க, கறியை 100 கிராமுல ஆரம்பிங்க, சர்க்கரையைப் பாத்துப் பாத்து மாத்துங்க.