கரையிலிருந்து ஐந்து மீட்டர்

குழு: ஏரல் – டார்வின் வீடு
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அப்பா: பெட்டி கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை, மூங்கில் தூண்டில் விமானத்தில் வராது. நரம்பு, முள், தக்கை மட்டும் எடுத்து வரட்டுமா? கதிர் அனுப்பிய படத்தில் இருப்பது நம்ம கொடுவாதானே?

கதிர்: ஆமா தாத்தா, அதே மீன்தான். இங்கே ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்பார்கள். பாரா என்றால் போதும், எல்லாருக்கும் புரியும்.

அப்பா: புன்னைக்காயல் முகத்துவாரத்தில் நான் பிடிக்காத கொடுவாவா!

பாலா: மாமா, எதுவும் எடுத்து வர வேண்டாம். ஆற்றில் போட்ட தூண்டில் சாமான் என்றால் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும், பிரித்துப் பார்ப்பார்கள். இங்கே எல்லாம் இருக்கிறது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க இந்த வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) லைசென்ஸும் கிடையாது.

அப்பா: அப்போ சனிக்கிழமையே போகலாம். முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் போட்டு எத்தனை நாளாயிற்று.

செல்வி: அப்பா, அது மட்டும் கிடையாது. தண்ணீரில் கால் வைக்கக்கூடாது.

அப்பா: முதலையைச் சொல்கிறாயா? ஐம்பது வருஷம் தாமிரபரணியில் நின்றவன் நான். ஒரு பெரிய உருவம் பக்கத்தில் வந்தால் தண்ணீர் கலங்குவது தெரியாதா?

பாலா: தெரியாது மாமா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்கிறேன், கேளுங்கள். கொஞ்சம் நீளமாக வரும்.

பாலா: போன வருஷம் ஷேடி கேம்ப் போயிருந்தேன். மேரி ஆற்றில் நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் பிரிக்கும் ஒரு தடுப்பணை அங்கே இருக்கிறது. வீட்டிலிருந்து இரண்டரை மணி நேர ஓட்டம். முதல் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றேன், ஒரு முதலைகூடக் கண்ணில் படவில்லை. மறுநாளும் அதே இடம். லூர் என்று பிளாஸ்டிக் மீன் ஒன்று கட்டுவோம், அது கரையோரக் கிளையில் மாட்டிக்கொண்டது. விலை இருபத்தைந்து டாலர். கைக்கெட்டும் தூரம் மாதிரிதான் இருந்தது. இறங்கிக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் மல்லாந்து விழுந்தேன். அந்தக் கிளைக்குக் கீழே சேற்று நிறத்தில் இரண்டு மேடு. கண். அவ்வளவுதான் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

அம்மா: ஐயோ, இதை ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை மாப்பிள்ளை?

பாலா: பயந்துவிடுவீர்கள் என்றுதான் அத்தை. ஆனால் மாமா தண்ணீரில் நிற்பேன் என்கிறபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாலா: அந்தப் பெரியவர் ஒன்று சொன்னார். "நேற்று நீ அதைப் பார்க்கவில்லை, அது உன்னைப் பார்த்தது." ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப வருகிறவனை அது பழகிக்கொள்ளும். ஒரு மணி நேரம்கூட மூச்சை அடக்கி அடியில் கிடக்கும். நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியத்தோடு யாராவது தண்ணீர் ஓரம் போவதைப் பார்த்தால் இப்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

சங்கர்: அத்தான், அவ்வளவு முதலையா அங்கே?

கதிர்: மாமா, இந்தப் பிரதேசத்தில் மனிதர்களே இரண்டரை லட்சம் பேர்தான், உப்புநீர் முதலை ஏறக்குறைய ஒரு லட்சம். தோலுக்காகச் சுட்டுச் சுட்டு மூவாயிரம் அளவுக்கு வந்துவிட்டதாம். 1971ல் சட்டம் போட்டுக் காப்பாற்றினார்கள். உப்புநீர் முதலை என்று பெயர்தானே தவிர, நல்ல தண்ணீர்க் குளத்திலும் இருக்கும்.

சங்கர்: வீடியோவில் ஒரு தரைப்பாலம் பார்த்தேன், மேலே தண்ணீர் ஓடுகிறது, சுற்றிலும் முதலை. நான் வரும்போது அங்கே போகணும்.

பாலா: காஹில்ஸ் கிராசிங். ககாடு பூங்காவில் ஈஸ்ட் அலிகேட்டர் ஆற்றின் மேல் இருப்பது. ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறும்போது மீன் பாலத்தைத் தாண்டும், அதற்காகவே முதலைகள் வந்து கூடும். மேடை கட்டியிருக்கிறார்கள், அதில் நின்று பார்க்கலாம் சங்கர். 2017 ஜனவரியில் அந்தப் பாலத்தை நடந்து கடக்கப் போன ஒருவர் முதலைக்கு இரையாகிவிட்டார். அங்கே நான் தூண்டில் எடுக்க மாட்டேன்.

செல்வி: அப்பா, பதிலே காணோம்?

அப்பா: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சரி மாப்பிள்ளை, எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்?

பாலா: குறைந்தது ஐந்து மீட்டர். மீனை விளிம்புக்கு இழுத்துவந்தாலும் எட்டி எடுக்கக்கூடாது, பின்னால் நடந்துகொண்டே மேலே ஏற்ற வேண்டும். லூர் மாட்டினால் நரம்பை அறுத்துவிட்டு வந்துவிடுவோம். தண்ணீர் ஓரத்தில் மீன் கழுவுவது, குடல் வீசுவது கூடவே கூடாது. படகு என்றால் கை, கால் வெளியே போகக்கூடாது. ராத்திரி தங்கினால் கூடாரம் கரையிலிருந்து 50 மீட்டராவது தள்ளி.

அப்பா: மீன் உண்டா, இல்லை முதலை மட்டும்தானா?

பாலா: இதுதான் காலமே மாமா! மழை நின்று, வெள்ளக்காடாகக் கிடந்த சமவெளித் தண்ணீர் ஓடை ஓடையாக ஆற்றில் வடிகிறது. ஓடை வாயில் தெளிந்த தண்ணீரும் கலங்கலும் சேர்கிற கோடு தெரியும். சின்ன மீன்கள் வெளியே வர வர, கொடுவா அந்தக் கோட்டில் காத்திருக்கும்.

அப்பா: மடை வாயில் கெளுத்தி நிற்கிற மாதிரி. புரிந்தது.

கதிர்: தாத்தா, 55 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும்.

அப்பா: இரண்டரைச் சாண். சரிதான். ரொம்பப் பெரியதையும் விடு தம்பி. கொடுவா சின்னதில் ஆண், வளர்ந்தபின் பெண்ணாக மாறும். பெரியதெல்லாம் முட்டைக்காரி.

கதிர்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்!

அப்பா: அறுத்துப் பார்த்தவனுக்குத் தெரியாதா.

சங்கர்: அக்கா, அங்கே சிக்னல் இருக்குமா? அப்பாவுக்குச் சர்க்கரை வேறு.

செல்வி: ஷேடி கேம்ப் பக்கமெல்லாம் போனை நம்ப முடியாது. அதனால்தான் வீட்டில் ஒரு வழக்கம். கிளம்பும் முன் எந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போக வேண்டும். ஏழு மணி என்று எழுதினால் எட்டு வரை பார்ப்பேன், அப்புறம் அவசர உதவி எண் 000. அப்பாவின் மாத்திரையும் பிஸ்கட்டும் இரண்டு பையில் தனித்தனியாக இருக்கும்.

பாலா: என் இடுப்பில் ஒரு பீக்கன் கட்டியிருப்பேன் சங்கர், உள்ளங்கையில் அடங்கும் அளவு. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாக மீட்புக்காரர்களுக்கு இடம் தெரிந்துவிடும். கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்திருக்கிறேன், செல்வி நம்பரும் அதில் இருக்கிறது.

அம்மா: நான் கடற்கரையில் காலாவது நனைக்கலாமா?

செல்வி: இப்போது வேண்டாம்மா. அக்டோபரிலிருந்து மே வரை பெட்டிச் சொறிமீன் (பாக்ஸ் ஜெல்லிமீன்) காலம், கண்ணாடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. பட்டால் உயிருக்கே ஆபத்து. 000க்குக் கூப்பிட்டுவிட்டு உடனே வினிகர் ஊற்ற வேண்டும். காரில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும்.

பாலா: மாமா, சனிக்கிழமை ஷேடி கேம்ப் வேண்டாம். நைட்கிளிஃப் கடல்பாலம் போவோம், வீட்டிலிருந்து பத்து நிமிஷம். கைப்பிடிக் கம்பி உண்டு, அத்தையும் வரலாம். இங்கே ஓதம் எட்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போகலாம். அடுத்த வாரம் படகில் ஓடைக்கு.

அப்பா: எட்டு மீட்டரா! எங்கள் மாடி வீட்டு உயரம். அதையே பார்க்க வேண்டும்.

அப்பா: மாப்பிள்ளை, தக்கை ஒன்றே ஒன்று எடுத்து வருகிறேன். மயில் இறகுத் தண்டில் செய்தது, கதிருக்கு.

செல்வி: இறகு என்றால் விமான நிலையத்தில் விடமாட்டார்கள் அப்பா.

அப்பா: சரி, அப்போ அங்கே வந்து செய்து தருகிறேன். கதிர், தக்கைக் கட்டை கொஞ்சம் தேடி வை.