காய்ந்துபோன வெள்ளி சால்டர் பேஸ்ட்டை மீண்டும் பயன்படுத்த முடியுமா?

கேள்வி:
ஓய்வு நேரத்தில் வெள்ளியில் மோதிரமும் தோடும் செய்து பழகிவருகிறேன். துண்டுகளைப் பற்றவைக்க இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வெள்ளி சால்டர் பேஸ்ட், சிரிஞ்சில் பாதிக்கு மேல் மீதமிருக்கும்போதே காய்ந்துவிட்டது. ஊசியைக் கழற்றிவிட்டு அழுத்தினால், விபூதிக் கட்டிபோல் உதிர்ந்து விழுகிறது. வெள்ளி விற்கும் விலையில் இதைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. தண்ணீர் விட்டுக் குழைக்கலாமா, ஸ்பிரிட் சேர்க்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எறிய வேண்டாம். பேஸ்ட்டில் இருப்பவை உருகி இணைப்பை ஒட்டவைக்கும் சால்டர் உலோகப் பொடி, சூடாகும்போது ஆக்சைடு படியாமல் காக்கும் ஃபிளக்ஸ், இவ்விரண்டையும் பிணைத்து வைக்கும் குழம்பு ஆகிய மூன்றே. காய்ந்தது குழம்புதான், உலோகம் எங்கும் போய்விடவில்லை. அந்தக் குழம்பு நீரில் கரையக்கூடியதா, எண்ணெய்ப் பசை கொண்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கடுகளவு துணுக்கைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் ஓரம் கரைந்து நீர் கலங்கினால் அது நீர் வகை. நீர் ஒட்டாமல் முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் வகை. அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் கரைப்பானையே வாங்க வேண்டும்.

நீர் வகையாக இருந்தால், பேஸ்ட்டைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் ஓரிரு சொட்டு மட்டும் விட்டு, இறுக மூடி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கண்ணாடியில் வைத்துக் கத்தியின் முதுகால் தேய்த்து, குழைத்த சந்தனத்தின் பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். நீர் மிகுந்தால், நெருப்புப் பட்டவுடன் அது கொதித்துப் பொங்கி, சால்டரை இணைப்பிலிருந்து தள்ளிவிடும். நான் செய்த சங்கிலி ஒன்றில் பக்கத்துக் கண்ணிகள் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

மறுமொழி 2:
குழைந்துவிட்டது என்பதற்காக நேரே மோதிரத்தில் வைத்துவிடாதீர்கள். செப்புத் தகட்டுத் துண்டுகள் இரண்டை முதலில் பற்றவைத்துப் பாருங்கள். சால்டர் பளிச்சென்று ஓடி இடுக்கில் புகுந்தால் நல்லது. கருத்த மணிகளாகத் திரண்டு நின்றால் ஃபிளக்ஸ் வலுவிழந்திருக்கிறது. அப்போதும் வழி உண்டு. நீர் வகைப் பேஸ்ட்டை வெந்நீரில் 3, 4 முறை கழுவி, அடியில் தங்கும் உலோகப் பொடியை உலர்த்தி, வெண்காரத்தை நீர் விட்டு உரைத்து அதனுடன் சேர்த்து வையுங்கள். பொற்கொல்லர்கள் அரத்தால் ராவிய பொடியை வெண்காரத்தோடு வைத்து ஊதிப் பற்றவைப்பதும் இதே முறைதான். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: உறையில் காட்மியம் என்று அச்சிட்டிருந்தால் அதை மீட்க முயல வேண்டாம், அதன் புகை உயிருக்கே ஆபத்தானது.

மறுமொழி 3:
மின்னணுப் பலகைகளுக்கான சால்டர் பேஸ்ட்டுக்கு இந்த முறை பொருந்தாது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்து, 183 டிகிரி செல்சியஸில் உருகும் அந்தப் பொடி, பழசாகும்போது மேற்பரப்பில் ஆக்சைடு படிந்து கெட்டுவிடும். அது வெள்ளி நகையில் பட்டால், பிறகு நெருப்புக் காட்டும்போது வெள்ளியையே அரித்துக் குழியாக்கும். ஆகவே இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. என்னுடையது நீர் வகைதான். உறையில் காட்மியம் இல்லை என்றும் அச்சிட்டிருக்கிறது. மூன்று சொட்டில் பதம் வந்துவிட்டது, செப்புத் துண்டில் சால்டர் நன்றாகவே ஓடியது. பழைய ஊசியில் மட்டும் இறங்காததால், பல்குத்தும் குச்சியின் முனையால் தொட்டு வைக்கிறேன்.