பெரியப்பா தெற்குப் பயணம் (குடும்பக் குழு)

கவிதா, மாலை 6:10
மே ரெண்டாவது வாரம் கிளம்பறோம். பெரியப்பா, பெரியம்மா, நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க ரெண்டு. ஏற்காட்டுல ஆரம்பிச்சு மதுரை, ராமேஸ்வரம், நெல்லை, கன்னியாகுமரி. ஆறு நாள் போதுமுங்களா மாமா?

மணி மாமா, 6:18
பத்தாதும்மா, எட்டா வெச்சுக்க. சேலம்–மதுரை சுமார் 240 கி.மீ., மதுரை–ராமேஸ்வரம் 170. அங்கிருந்து சாயல்குடி, தூத்துக்குடி வழியா நெல்லை 230, அப்புறம் கன்னியாகுமரி 85. ஓட்டறது பெரிசில்ல. பெரியவர் போறது பழைய சிநேகிதங்களைப் பாக்க. ஒரு நாளைக்கு ஒரு வீடுன்னு வெச்சாத்தான் உக்காந்து பேச முடியும். ரெண்டு வீடுன்னா முதல் வீட்டுல காபி ஆறறதுக்குள்ள எழுந்திரிக்கணும். கோயில், கடற்கரையெல்லாம் காலையில முடிச்சிடு.

சாந்தி அத்தை, 6:21
வீட்டுக்குப் போறது சாயந்திரம் 4 மணிக்கு மேல. மதியம்னா அந்த வயசுல அவங்க அடுப்படியில நிக்க ஆரம்பிச்சுடுவாங்க. "சாப்பிட்டுட்டு வர்றோம், காபி மட்டும்"னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடு. கிளம்பற அன்னிக்கு மறுபடி ஒரு போன்.

பிரபு, 6:30
அக்கா, ஏற்காடு இறக்கம்தான் கவனம். 20 கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது கியர்லயே இறக்கச் சொல்லுங்க, நியூட்ரல் கூடவே கூடாது. பிரேக்கை மிதிச்சபடியே வந்தா சூடேறி, பாதி மலையில பிடிக்காமப் போயிடும். கருகல் வாசம் வந்தா அகலமான இடமாப் பாத்து ஓரங்கட்டி 20 நிமிஷம் ஆற விடணும். தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல டிஸ்க் கோணிக்கும். ஏறி வர்ற வண்டிக்கு நாமதான் நின்னு வழி விடணும்.

பிரபு, 6:31
கோடை விழா நாள்ல மாட்டினா போலீஸே குப்பனூர் வழியா இறங்கச் சொல்லிடலாம். சுத்து, அதுக்கு நேரம் வெச்சுக்கோங்க. சனி ஞாயிறு வேண்டாம்.

கவிதா, 6:40
சரிடா. சுங்கச்சாவடிக்கு?

பிரபு, 6:46
சொந்த வண்டிதானே? ஃபாஸ்டேக் வருஷ பாஸ் எடுத்துடுங்க. 2025 ஆகஸ்ட்ல 3,000 ரூபாய்க்கு 200 தடவைன்னு கொண்டு வந்தாங்க. இப்ப என்ன விலைன்னு ஆப்ல பாத்துக்கோங்க. தேசிய நெடுஞ்சாலையில மட்டும்தான் செல்லும், வாடகை வண்டிக்குக் கிடையாது.
டயர் காத்து: டிரைவர் கதவுத் தூண்ல இருக்கற ஸ்டிக்கர்ல முழுச் சுமைக்கு தனி அளவு இருக்கும். அதை, காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி அடிக்கணும். காத்து குறைஞ்ச டயரோட பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறும். மே வெயில்ல வெடிக்கறது அதுதான். ஸ்டெப்னிக்கும் காத்து பாருங்க.

கவிதா, 6:52
அத்தை, நாலு வீட்டுக்கும் மாம்பழம் எடுத்துட்டுப் போகணும். பெரியப்பா இன்சுலினும் இருக்கு.

சாந்தி அத்தை, 7:05
பழுத்தது வாங்காதே. செங்காயா, காம்போட வாங்கு. காம்பு ஒடிஞ்சா பால் வடிஞ்சு தோல் கருத்து அங்கிருந்தே அழுகும். வீட்டுக்கு ரெண்டு கிலோ, தனித்தனி அட்டைப்பெட்டி, பக்கத்துல ஓட்டை. வைக்கோல் போட்டு ரெண்டு அடுக்குக்கு மேல வேண்டாம், அடிப்பழம் நசுங்கும். மல்கோவாவை மதுரை வீட்டுலயே கொடுத்துடு. பெங்களூரா கெட்டித் தோல், கன்னியாகுமரி வரைக்கும் தாங்கும். டிக்கியில பூட்டி வெயில்ல நிறுத்தினா ஒரே நாள்ல வெந்துடும், பின் சீட்டுக்குக் கீழ வை.

சாந்தி அத்தை, 7:09
இன்சுலின் ஐஸ் கட்டியைத் தொடக்கூடாது. உறைஞ்சதுன்னா உருகினாலும் வேலை செய்யாது, தூக்கித்தான் போடணும். துணியில சுத்தி ஃபிளாஸ்க்குல வை. இப்ப போட்டுட்டிருக்கற பேனா 30 டிகிரிக்குள்ள பெரும்பாலும் 28 நாள் இருக்கும், அட்டையில போட்டிருக்கறதைப் பாத்துக்க. நிறுத்தின வண்டிக்குள்ள மட்டும் வெக்கவே வெக்காதே. இறங்கறப்ப கையோட எடுத்துட்டு இறங்கு.

மணி மாமா, 7:20
மீனாட்சி கோயில் மதியம் நடை சாத்திடுவாங்க, சாயந்திரம் 4 மணிக்குத்தான் திறப்பு. காலையிலேயே போ. செல்போன் உள்ள விடமாட்டாங்க, யாராவது தொலைஞ்சா கூப்பிட முடியாது. எந்தக் கோபுர வாசல்ல சேர்றதுன்னு முன்னாடியே பேசிக்கங்க.
ராமேஸ்வரத்துல 22 தீர்த்தமும் பெரியவருக்கு வேண்டாம். தரையெல்லாம் ஈரம், வழுக்கும். குளிக்கறவங்க மாத்துத் துணி கையில வெச்சுக்கணும், ஈரத்துணியோட சாமி சன்னதிக்கு விடமாட்டாங்க.
கன்னியாகுமரி படகு காலை 8 மணிக்கு, 7-க்கே வரிசையில நில்லு. விவேகானந்தர் பாறையில இருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர்ல திறந்துட்டாங்க, நடந்தே போயிடலாம். கடல் பொங்கினா படகு நின்னுடும், அதுக்காக அங்க ரெண்டு ராத்திரி தங்கு.

கவிதா, 7:26
பெரியப்பாவுக்கு முன் சீட்டா மாமா?

மணி மாமா, 7:29
நடு வரிசை, இடது பக்கம். காலை நீட்டலாம், ரோட்டோரமா இறங்கலாம். அந்த வண்டிப் படி உயரம், ஒரு ஸ்டூல் வேணும்.

சாந்தி அத்தை, 7:30
எங்க வீட்டுல ஒரு அடி உயரத்துல மர ஸ்டூல் இருக்கு. பிரபு கிட்ட கொடுத்து விடறேன்.