கனடாவில் வேலையும் குடியும் மனஅழுத்தமும்: புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்ராறியோவுக்கு வந்து முதல் இரண்டு மூன்று குளிர்காலத்துக்குள் எங்கள் பெடியள் கனபேர் ஒரே இடத்தில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். இரவு வேலை, பேஸ்மென்ட் அறை, பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு, ஊரில் கடன். நித்திரை வரட்டும் என்று எடுக்கும் இரண்டு பெக்கில் தொடங்கும். வங்கிக் கணக்குத் திறப்பது, சாரதிப் பத்திரம் எடுப்பது எல்லாம் ஆளாளுக்குச் சொல்லித் தருகிறோம். இதைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

எங்களோடு ஸ்காபரோவில் ஒரு தம்பி இருந்தான். வெயார்ஹவுஸில் போர்க்லிஃப்ட் ஓட்டினான். உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குள் அவனுடைய ஜாக்கெட்டில் இருந்து ஏலக்காய்க் கோதுகள் வந்து ஒட்டியிருக்கும். வேலைக்குப் போகும்போது வாய் மணக்காமல் இருக்க மென்றுகொண்டு போவான். எனக்கு விளங்கியது. கேட்டால் மனம் நோகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு நாள் விடியப்புறம் ராக்கில் இடித்து மேலிருந்த சாமான் முழுக்கக் கொட்டியது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. வேலை அன்றைக்கே போய்விட்டது. அதற்கு முதல் கிழமை அவன் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிலைமை வேறு. அது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்தின்படி குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாவதும் மனநோயும் இயலாமை என்ற வகைக்குள் வரும். முதுகு நோ, நீரிழிவு மாதிரித்தான். முதலாளிக்குத் தாங்கமுடியாத சிரமம் வராத வரைக்கும் உங்கள் நிலைக்கு ஏற்ற வசதி செய்து கொடுத்தாக வேண்டும்: ஷிப்ட்டை மாற்றுவது, சிகிச்சைக்கு லீவு தருவது, திரும்பி வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக மணித்தியாலத்தைக் கூட்டுவது. ஏஜென்சி மூலம் வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் கேட்கிற நேரம் முக்கியம். 2005இல் அல்பேர்ட்டாவில் எல்க் வேலி என்ற நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் லோடர் ஓட்டிய ஒருவர் விபத்தில் மாட்டினார். பரிசோதனையில் கொக்கேயின் இருந்தது. "பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், உதவி செய்வோம்; சொல்லாமல் இருந்து விபத்துக்குப் பிறகு பிடிபட்டால் வேலை போகும்" என்பது அந்த நிறுவனத்தின் விதி. வழக்கு 2017இல் கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. நீக்கியது செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. இயந்திரம் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

சரி, எப்படிச் சொல்வது? நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "எனக்கு ஓர் உடல்நலப் பிரச்சினை இருக்கிறது, வைத்தியரிடம் போகிறேன், கிழமைக்கு இரண்டு நாள் வேளைக்கு வெளிக்கிட வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். உங்களால் என்ன முடியும், என்ன முடியாது, எவ்வளவு காலத்துக்கு என்று வைத்தியர் எழுதும் கடிதம் பொதுவாகப் போதும்.

கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் பெனிஃபிட்ஸ் புத்தகத்தில் ஈ.ஏ.பி. என்று ஓர் இலக்கம் இருக்கும். வேலையாட்களுக்கான இலவச ஆலோசனைச் சேவை அது. பெரும்பாலும் வெளியில் உள்ள நிறுவனம்தான் நடத்தும். எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற மொத்தக் கணக்குத்தான் முதலாளிக்குப் போகும், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல் மாதிரி விடயங்களில் மட்டும் அவர்கள் இரகசியத்தை மீற வேண்டி வரும். சில சந்திப்புகளோடு முடிந்துவிடும், ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம்.

எங்கள் ஆட்களுக்குப் பெரிய பயம் வேறு. தமிழ் ஆலோசகர் என்றால் அவருக்கு எங்கள் மாமியைத் தெரிந்திருக்குமே என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் சமூகம் சின்னது. தெரியாத ஒருவரோடு தொலைபேசியில் மட்டும் கதைக்கக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவருக்கு உங்கள் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்கலாம். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே கதைத்தாலும் அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள்.

கவுன்சிலிங் போனால் பி.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவிட உரிமைக்கு, பிரச்சினை என்று கதை உலாவுகிறது. ஈ.ஏ.பி.யில் கதைத்ததைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒருவரும் அறிவிப்பதில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு. 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டு. அதனால் அது குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம் ஆகிவிட்டது. தீர்ப்பு எதிராக வந்தால் பி.ஆர். உள்ளவர்களே அதை இழக்கலாம்.

காசு விடயம். வேலை செய்ய முடியாத நிலை என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் ஈ.ஐ. என்ற அரசாங்க வேலைக் காப்புறுதியில் நோய்க்காலக் கொடுப்பனவு 26 கிழமை வரை கிடைக்கும். சம்பளத்தின் 55 வீதம், ஓர் உச்ச வரம்புக்குள். 600 மணித்தியாலம் வேலை செய்து ஈ.ஐ. கட்டியிருக்க வேண்டும். 2025 ஜூன் 19 முதல் ஒன்ராறியோவில் 27 கிழமை வரை நீண்டகால நோய் விடுப்பும் உண்டு. சம்பளம் இல்லை, ஆனால் வேலை உங்களுக்காக இருக்கும். 13 கிழமையாவது அங்கே வேலை செய்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ராம் கிளினிக் என்று அழைக்கப்படும் விரைவுப் போதைச் சிகிச்சை நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. வேறு வைத்தியரின் கடிதம் இல்லாமலே போகலாம், ஓஹிப் எனும் ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை இருந்தால் காசில்லை. குடிக்கும் ஆவலைக் குறைக்கும் நல்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் தருவார்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், போதை, மனநல உதவிக்கு வழிகாட்டும் தொலைபேசிச் சேவையான கொனெக்ஸ்ஒன்ராறியோவுக்கு அழையுங்கள், 1-866-531-2600. 24 மணி நேரமும் இலவசம். உயிரை விடும் எண்ணம் வந்தால் 988க்கு உடனே அழையுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

அந்தத் தம்பி வேலை போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு கொனெக்ஸுக்கு அழைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலில் இருந்தபடி ஜாக்கெட் ஸிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு கதைத்தான். எந்தப் பக்கம் இருக்கிறாய், என்ன குடிக்கிறாய், எப்போது போக வசதி என்று கேட்டார்கள். பெயர் சொல்லச் சொல்லவில்லை. பத்து நிமிடம் வந்திருக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேருமாக பஸ் எடுத்து கிளினிக்குக்குப் போனோம்.