டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் உலகில் டீமன், டெவில் படிநிலை

கேள்வி:
வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் கதாபாத்திர விளையாட்டின் உலகில் டீமன், டெவில் என இரு இனங்கள் வருகின்றன. இரண்டுமே தீயவை என்றால், தனித்தனியாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் என்ன? யார் யாருக்குக் கீழ் என்பதும் பிடிபடவில்லை.

பதில் 1:
வேறுபாடு ஒழுங்கில்தான் இருக்கிறது, நண்பரே. டெவில்கள் ஒன்பது அடுக்கு நரகத்தில் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் கட்டுப்பட்டவை. உருக்குலைந்த சதைப்பிண்டமாகக் கிடக்கும் கடைநிலை டெவிலான லெமூர்கூடப் பதவி உயர்ந்து, இம்ப் என்னும் சிறு டெவில் ஆகலாம், உச்சப் படிகளில் பிட் ஃபீண்டு என்னும் வலிய டெவில்களும் அவர்களுக்கும் மேலே நரகத்தின் அதிபதி அஸ்மோடியஸும் இருக்கிறார்கள். கீழே இருப்பது மேலே இருப்பதன் காலை வாரக் காத்திருக்கும், ஆனால் விதியை மீறாது. அந்தக் கட்டுப்பாடுதான் எனக்கு அதிக அச்சம் தருகிறது.

பதில் 2:
அபிஸ் என்னும் பாதாளத்தில் வாழும் டீமன்களுக்கு நிலையான பதவி வரிசை கிடையாது. வலுத்தவன் வைத்ததே சட்டம். டெமகார்கன் தன்னை டீமன்களின் இளவரசன் என்று சொல்லிக்கொண்டாலும், ஆர்கஸ் என்னும் மற்றொரு டீமன் தலைவன் அதை ஏற்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: வேறு உலகில் கொல்லப்பட்ட டீமன் அபிஸில் மீண்டும் உருவெடுத்துவிடும், அபிஸுக்குள்ளேயே கொன்றால்தான் அது முற்றாக அழியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எண்ணிக்கையில் பெருகிய டீமன்களை டெவில்கள், இரு இனங்களுக்கும் இடையே ஓயாமல் நடக்கும் இரத்தப் போரில் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றன?

பதில் 1:
அணிவகுப்பாலும் கட்டளைக்குப் பணிவதாலும்தான். டீமன் படை தனக்குள்ளேயே மோதிச் சிதறும்.