ஆயா சைகோன்காரர் என்பதை மகளிடம் எப்படிச் சொல்வது?

முத்தியால்பேட்டை அம்மா:
எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் போய், அங்கேயே வியட்நாம் பெண்ணை, அதாவது எங்க ஆயாவை, கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு பாண்டிக்குத் திரும்பியவர். அம்மாவுக்கு ஆயாவின் கண், தாத்தாவின் நிறம். என்னைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் என் மகள் அப்படியே ஆயா. ஐந்தாவது படிக்கிறாள், வகுப்பில் 'சைனாக்காரி' என்று கூப்பிடுகிறார்களாம். என் சின்ன வயசில் நான் ஏதாவது கேட்டால் அம்மா, "நாம தமிழ் ஆளுங்கதான், போய் வேலையப் பாரு" என்று முடித்துவிடுவார். மகளிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. எங்கிருந்து தொடங்க?

குருசுக்குப்பம்:
எங்க வீட்டிலும் இதே கதைதான். உட்காரவைத்துப் பாடம் நடத்தாதீங்க. ஞாயிற்றுக்கிழமை நெம் (அரிசித்தாளில் சுருட்டும் வியட்நாம் பலகாரம்) போடுங்க, அவளையே சுருட்டச் சொல்லுங்க. அரிசித்தாளை ரொம்ப நனைத்தால் கையோடு கிழிந்து வரும், இரண்டு மூன்று வீணாகட்டும் பரவாயில்லை. "இதை யாரும்மா கத்துக்கொடுத்தா?" என்று அவளே கேட்பாள்.

பீச் ரோடு வாசி:
தாத்தா பிரெஞ்சுக் குடிமகன் என்றால் சைகோனில் பதிவான கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு எல்லாம் பிரான்ஸில் நாந்த் ஊரிலுள்ள பதிவகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. உங்க அம்மாவின் பிறப்புப் பதிவில் ஆயாவின் முழுப்பெயரும் இருக்கும். அப்புறம், கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் யார் பெயர்? 1963-ல் நம்ம புதுச்சேரி முதலமைச்சரான குபேர். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர். வகுப்பில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கடலூர் மஞ்சக்குப்பம்:
குபேர் கதையெல்லாம் சரி, நாளைக்குக் காலையில் அந்தப் பிள்ளைக்கு அது உதவுமா? முதலில் டீச்சரைப் பார்த்துப் பேசுங்க, பட்டப்பெயர் நிற்கட்டும். இன்னொன்று, ஆயா உங்களுக்கு ஆயா, உங்க அம்மாவுக்கோ பெற்ற தாய். ஊரார் பேச்சை நேரில் வாங்கினவரும் உங்க அம்மாதான். அவரைக் கேட்காமல் பேத்தியிடம் எதையும் ஆரம்பிக்காதீங்க.

முத்தியால்பேட்டை அம்மா:
டீச்சரிடம் பேசிவிட்டேன். அம்மா "இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று எழுந்து போனார். சாயங்காலம் அவரே பீரோவைத் திறந்து ஒரு பழைய சான்றிதழை எடுத்து நீட்டினார், பேத்தியிடம் தானே சொல்கிறாராம், நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம்! சரி, நாந்த்துக்குத் தபாலில்தான் எழுதணுமா?

பீச் ரோடு வாசி:
வேண்டாம், ஆன்லைனிலேயே கேட்கலாம், காசு கிடையாது. அம்மாவின் பெயர், பிறந்த தேதி, ஊர், அவருடைய அப்பா அம்மா பெயர் தயாராக வைத்துக்கொள்ளுங்க.