உதவி தேவை: பில்ட்எம்ஐ கொண்டு கட்டிய கட்டளைகள் ஓ2-இல் தப்பாகின்றன

வணக்கம். கற்றுக்கொள்வதற்காக, எல்எல்விஎம் (LLVM) என்ற கம்பைலர் கட்டமைப்பில் 32 பிட் ரிஸ்க்-5 (RISC-V) செயலிக் கட்டளைகளுக்கு ஒரு பேக்எண்டு, அதாவது இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் பகுதி, எழுதி வருகிறேன். கட்டளைகளைக் கட்ட அதன் பில்ட்எம்ஐ (BuildMI) என்ற செயல்கூற்றைப் பயன்படுத்துகிறேன். பெரிய மாறிலியை ரிஜிஸ்டரில் ஏற்ற ஒரு சூடோ கட்டளை (செயலியில் இல்லாத, பிறகு உண்மைக் கட்டளைகளாக விரிக்கப்படும் கட்டளை) வைத்திருக்கிறேன். ரிஜிஸ்டர் ஒதுக்கீடு முடிந்த பிறகு அதை எல்யூஐ (LUI, மேல் பிட்களை ஏற்றுவது), ஆட்ஐ (ADDI, ஒரு மாறிலியைக் கூட்டுவது) என்று இரண்டாக விரிக்கிறேன். மேல் 20 பிட் எல்யூஐக்கு, கீழ் 12 பிட் ஆட்ஐக்கு.

இரண்டு கோளாறுகள். 5000 சரியாக வருகிறது, ஆனால் 7000 கொடுத்தால் 2904 வருகிறது. அடுத்து, ஓ0-இல் (மேம்படுத்தல் இல்லாமல்) ஒழுங்காக ஓடும் நிரலில், ஓ2 (மேம்படுத்தலோடு) போட்டால் சம்பந்தமே இல்லாத வேறொரு மாறியின் மதிப்பு கெட்டுப்போகிறது. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன். இரண்டுக்கும் ஒரே காரணமா?

பதில் 1

இல்லை, தனித்தனி. முதலாவதைச் சொல்கிறேன்.

7000 - 2904 = 4096. எல்யூஐயில் ஒன்று என்றால் 4096, அதில் சரியாக ஒன்று குறைந்திருக்கிறது. ஆட்ஐயின் 12 பிட் எண் குறியுள்ளது. -2048 முதல் 2047 வரைதான் கொள்ளும். 7000-இல் 4096 போக மீதி 2904. அந்த 12 பிட்டை வன்பொருள் -1192 என்று படிக்கும். 4096 - 1192 = 2904, உங்களுக்கு வந்த அதே எண். 5000-இல் மீதி 904 மட்டுமே, அதனால் தப்பித்தது.

மேல் பகுதியைப் பிரிக்கும் முன் 2048-ஐக் கூட்டி, பிறகு 12 பிட் வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழ்ப் பகுதியைக் குறியோடு நீட்டி ஆட்இம்முக்கு (addImm, கட்டளையில் ஒரு எண்ணைச் சேர்ப்பது) கொடுங்கள். 7000-க்கு 2-உம் -1192-உம் வரும்: 8192 - 1192 = 7000.

நேரே ஆப்ஜெக்ட் ஃபைல் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அசெம்பிளி உரையாக வெளியிட்டிருந்தால், 2904 எல்லைக்குள் இல்லை என்று அசெம்பிளரே சொல்லியிருக்கும்.

கேட்டவர்

ஆமாம், நேரே ஆப்ஜெக்ட்தான். திருத்தினேன், 7000 சரியாகிவிட்டது. மிக்க நன்றி! ஓ2 சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பதில் 2

எல்யூஐயை எப்படிக் கட்டுகிறீர்கள்? அந்த ஒரு வரியைப் போடுங்கள்.

கேட்டவர்

பில்ட்எம்ஐக்கு பிளாக், செருகும் இடம், டீபக் இடம், எல்யூஐயின் விவரணை ஆகிய நான்கையும் கொடுக்கிறேன். பிறகு ஆட்ரெக்கில் (addReg, கட்டளையில் ஒரு ரிஜிஸ்டரைச் சேர்ப்பது) இலக்கு ரிஜிஸ்டர், ஆட்இம்மில் மேல் பகுதி.

பதில் 2

அங்கேதான் பிழை. ஆட்ரெக்குக்குக் கொடி எதுவும் தராவிட்டால், அந்த ரிஜிஸ்டர் படிக்கப்படுகிறது என்றே பதிவாகும். உங்கள் எல்யூஐ எதையும் எழுதாத கட்டளையாகிவிட்டது. கட்டளையைப் பிட்களாக்கும் என்கோடருக்கு ரிஜிஸ்டரின் எண் மட்டும் போதும் என்பதால் ஓ0-இல் தெரியவில்லை. ஓ2-இல் ஒதுக்கீட்டுக்குப் பிந்தைய ஸ்கெட்யூலர் (கட்டளைகளின் வரிசையை மாற்றும் பகுதி) ஓடுகிறது அல்லவா? சூடோவுக்கு முன்னால், இலக்கு ரிஜிஸ்டரான எக்ஸ்5-இன் பழைய மதிப்பைப் படிக்கும் ஒரு கட்டளை இருக்கிறது என்று வையுங்கள். இரண்டும் படிப்பவைதானே என்று ஸ்கெட்யூலர் எல்யூஐயை அதற்கு மேலே தூக்கிவிடும். பழைய மதிப்பு அழிந்துபோகும். உங்கள் மாறி கெட்டது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இலக்கு ரிஜிஸ்டரை பில்ட்எம்ஐயின் ஐந்தாவது உள்ளீடாகவே கொடுங்கள், எழுதும் இடமாக அதுவே சேர்த்துக்கொள்ளும். அல்லது ஆட்டெஃப் (addDef, எழுதப்படும் ரிஜிஸ்டராகச் சேர்ப்பது) பயன்படுத்துங்கள். அப்புறம் கட்டளைகளைச் சரிபார்க்கும் வெரிஃபை-மெஷின்இன்ஸ்ட்ரஸ் (-verify-machineinstrs) கொடியோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இதை நான் எந்த பேக்எண்டிலும் முதல் நாளிலிருந்தே போட்டுவிடுவேன், அவ்வளவு உழைப்பு மிச்சம்.

கேட்டவர்

திருத்தும் முன் வெரிஃபையரை ஓட்டினேன். "எக்ஸ்பிளிசிட் டெஃபினிஷன் மார்க்டு ஆஸ் யூஸ்" (எழுதும் இடம் படிக்கும் இடமாகக் குறிக்கப்பட்டுள்ளது) என்று அந்த எல்யூஐயையே காட்டியது. அச்சிட்ட எம்ஐஆரிலும் (MIR, எல்எல்விஎம் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் வடிவம்) "எல்யூஐ எக்ஸ்5, 2" என்றுதான் இருந்தது, சமக்குறியே இல்லை. ஐந்தாவது உள்ளீடாக மாற்றியதும் "எக்ஸ்5 = எல்யூஐ 2" ஆனது. ஓ2-இல் எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1

மகிழ்ச்சி. 2047, 2048, -2048, -2049 நான்கையும் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.